‘இப்போதெல்லாம் சத்தமே இல்லை’

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 31 வயது. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவன். வலிப்பும் உண்டு, தினம் இரண்டு வேளை மாத்திரை. பத்துப் பதினைந்து சொற்கள்தான் பேசுவான். அவனுக்கு எல்லாமே அம்மாதான். போன ஆண்டு அம்மா இறந்துவிட்டார். நான் குன்னூரில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். எட்டு மாதமாக ஓர் அண்ணனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். நல்ல மனிதர் என்று ஊரில் சொன்னார்கள். வீடும் சுத்தமாக இருக்கிறது. முன்பு தம்பி கத்துவான், தட்டை எறிவான். இப்போதெல்லாம் சத்தமே இல்லை. ஆனால் இளைத்துவிட்டான். மாலை பஸ் வரும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய்க் கை காட்டுவான், அதையும் விட்டுவிட்டான். போன வாரம் மேல்கையின் உட்புறம் நீலமாகக் கன்றியிருந்தது. ஒரு நாள் நான் சீக்கிரம் வந்தபோது வெளியே பூட்டு தொங்கியது. அவர் கடைக்குப் போயிருந்தார், தம்பி மட்டும் உள்ளே. கேட்டதற்கு, “காட்டுமாடு நடமாட்டம் இருக்கிறது, வெளியே ஓடிவிடக் கூடாது என்றுதான் பூட்டினேன்” என்றார். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? இவரை நிறுத்திவிட்டால் வேறு ஆள் கிடைப்பதும் கஷ்டம். பேசாமல் கோவையில் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாமா?

— ஒரு வாசகி, கோத்தகிரி வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்டையும் கன்றிய கையையும் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பஸ்ஸைப் பற்றிய வரி. பத்துப் பதினைந்து சொற்களே கைவசம் உள்ள ஒருவர் மாலை பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார் என்றால், அது அவர் ஊரோடு பேசுகிற பேச்சு. ஓட்டுநர் பதிலுக்கு ஹாரன் அடித்திருப்பார். ஜன்னலிலிருந்து தெரிந்த முகம் ஒன்று சிரித்திருக்கும். இப்படி ஒன்றை யாரும் காரணம் இல்லாமல் விடுவதில்லை. உடம்பில் வலி இருக்கலாம், மருந்தின் மயக்கம் இருக்கலாம், மனத்தில் துக்கம் இருக்கலாம், பயமும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் வீணாகச் சந்தேகப்படவில்லை. ஆனால் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் தம்பியின் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இருபது வருடங்களுக்கும் மேலாகக் கூடலூரிலிருந்து கோத்தகிரி வரை வீடு வீடாகப் போய் வருகிற சிறப்பாசிரியை நான். இந்த மலையில் நான் அதிகம் கேட்ட பாராட்டு, “ரொம்ப சாது, தொந்தரவே கிடையாது” என்பது. அதைக் கேட்டாலே எனக்கு மனம் உறுத்தும். தட்டை எறிவது பேச்சு வராதவரின் ‘வேண்டாம்’. கத்துவது அவருடைய ‘வலிக்கிறது’. கற்றுக்கொடுத்து, மாற்று வழி காட்டி அந்தக் கத்தல் குறைந்தால் மகிழ வேண்டியதுதான். யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காமல் ஒருவர் அடங்கிப்போனார் என்றால், சொல்லிப் பயனில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார் என்றும் பொருள் கொள்ள இடம் இருக்கிறது.

முதலில் மருத்துவர். இந்த வாரமே ஒரு நாள் விடுப்புப் போட்டு, கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கோ ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தம்பியை அழைத்துப் போங்கள். உடன் நீங்களே இருங்கள். பராமரிப்பாளரை மட்டும் அனுப்பாதீர்கள். எடை பார்க்கச் சொல்லுங்கள், பழைய சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். பல், காது, வயிறு மூன்றையும் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். “இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்” என்று மருத்துவமனையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ நோய்களை மறைத்திருக்கிறது.

குன்னூர்ப் பக்கம் ஓர் இளைஞர். சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தார். குணக்கேடு என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். முட்டுவது நின்றது, சாப்பாடும் நின்றது. நான் போன அன்று, அவர் ரசம் சாதத்தைக் கூட வாயின் இடது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி விழுங்குவதைப் பார்த்தேன். வலது கடைவாயில் பல் சொத்தையாகி, ஈறு சீழ் பிடித்திருந்தது. பல்லைப் பிடுங்கிய பத்தாம் நாள் அவர் சிரித்த முகத்தை நான் மறக்கவில்லை. எத்தனை மாத வலியோ! உங்கள் தம்பி எந்தப் பக்கமாக மெல்லுகிறார் என்று இன்று இரவே கவனியுங்கள். மலச்சிக்கலும் இப்படித்தான். வலிப்பு மருந்து, குளிருக்குத் தண்ணீர் குடிக்காமை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது எல்லாம் சேர்ந்து வயிற்றைக் கல்லாக்கிவிடும். பசி போய்விடும், ஆள் இளைப்பார்.

அடுத்தது மாத்திரை. வீட்டில் உள்ள அட்டைகளை எண்ணுங்கள். வாங்கிய நாளையும் கொடுத்திருக்க வேண்டிய எண்ணிக்கையையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். மிஞ்சியிருந்தால் சரியாகக் கொடுக்கவில்லை. குறைந்திருந்தால் பகலில் உறங்கவைக்க ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருக்கலாம். நீங்கள் வாங்காத அட்டை ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது ஃபெனிடாயின் என்றால், அளவு சற்றுக் கூடினாலும் தள்ளாட்டமும் தூக்கமும் வரும், ஈறும் தடிக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதித்துப் பார்க்க முடியும், மருத்துவரிடம் கேளுங்கள். சோடியம் வால்புரோயேட் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. அது சிலருக்கு ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், அப்போது லேசாகப் பிடித்தாலும் தோல் கன்றிவிடும். கை நீலமானதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எது எப்படி இருந்தாலும் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தட்டணு சரியாக இருந்தால், அந்த நீலம் எனக்குக் கவலை தருகிறது. வலிப்பில் விழுகிறவருக்கு நெற்றி, முகவாய், முழங்கை, முழங்கால், தாடை எலும்பு என்று எலும்பு துருத்தும் இடங்களில் அடிபடும். மேல்கையின் உட்புறம் எளிதில் எங்கும் இடிக்காது. அங்கே பெரும்பாலும் விரல் பிடித்த தடம்தான் விழும். குளிப்பாட்டித் தூக்கும்போது பிடித்ததாகவும் இருக்கலாம், இழுத்து உட்காரவைத்ததாகவும் இருக்கலாம். தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தம்பியிடம், “அண்ணன் அடித்தாரா?” என்று கேட்காதீர்கள். நீங்கள் கேட்கும் குரலுக்கு ஏற்பத் தலையாட்டிவிடுவார். பேச்சுக் குறைவாக உள்ளவருக்கு உடம்புதான் வாய். ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரை ஒரு காரணம் சொல்லி வரவழையுங்கள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போது தம்பியின் தோளைப் பாருங்கள். தளர்ந்தபடி இருக்கிறதா, காதுவரை ஏறுகிறதா? கை கம்பளிக்குள் போகிறதா? எழுந்து அவர் பக்கம் போகிறாரா, உங்கள் பின்னால் வருகிறாரா? அதற்கு மேல் ஒரு வாக்குமூலம் வேண்டியதில்லை.

பூட்டு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வலிப்பு உள்ள ஒருவரை உள்ளே வைத்து வெளியே பூட்டக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. வலிப்பு வந்து குப்புற விழுந்து முகம் தலையணையிலோ கம்பளியிலோ புதைந்தால், புரட்டிவிட ஒரு கை வேண்டும். குளிர் மாதங்களில் நம் வீடுகளில் கரி நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். உங்கள் வீட்டில் சட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டிவைத்தவர்களும் ‘ஓடிவிடக் கூடாது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

காட்டுமாடு பற்றி அந்த அண்ணன் சொன்னது பொய் இல்லை. தேயிலைக்குள்ளிருந்து எப்போது எது வரும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியும்? கரடியும் வருகிறது. ஆனால் அதற்கு வழி வேறு. வாசலில் கேட் போட்டு, கதவில் திறந்தால் ஒலிக்கும்படி ஒரு மணி கட்டுங்கள். பால், காய், மருந்து எல்லாவற்றையும் காலையில் நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள். அவசரமாக அவர் போகவேண்டி வந்தால் பக்கத்து வீட்டில் ஒருவர் வந்து உட்கார வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எங்கே போனாலும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்றும் எனக்குத் தோன்றுகிறது. கடைக்கு நடந்துபோய் வருவது அவருக்கும் நல்லதுதான்.

துக்கம் என்றேன் அல்லவா? அம்மா இறந்த அன்று தம்பி எங்கே இருந்தார்? பெரும்பாலான வீடுகளில், ‘அவனுக்கு என்ன புரியும்’ என்று யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். திரும்பி வந்தால் அம்மா இல்லை, அம்மாவின் கட்டில் இல்லை, யாரோ ஒரு புது ஆள் சோறு போடுகிறார். முப்பது வருடம் தன்னைக் குளிப்பாட்டிய கை எங்கே போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்றால், அவர் இன்னும் காத்திருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன். அந்தப் பஸ்ஸில் அம்மா வருவார் என்று பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டாரோ என்னவோ. அம்மாவின் படத்தைக் கையில் கொடுத்து, “அம்மா செத்துப்போய்விட்டார். இனி வரமாட்டார். நான் இருக்கிறேன்” என்று நேராகச் சொல்லுங்கள். ‘சாமியிடம் போயிருக்கிறார்’, ‘தூங்குகிறார்’ என்பவை அவரைக் குழப்பும். ஒரு முறை சொன்னால் போதாது, பல முறை சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவின் பழைய சால்வை ஏதாவது இருந்தால் அவர் கட்டிலிலேயே கிடக்கட்டும்.

இனி பராமரிப்பாளர். இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நடத்தும் நிறுவனங்கள் பராமரிப்புத் தர ஆணையம் என்ற அரசு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். இங்கே நம் வீட்டில் சம்பளத்துக்கு இருக்கும் ஒருவரைக் கேட்க யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அந்த ஆய்வாளர் நீங்கள்தான். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நில்லுங்கள், வேறு வேறு நேரங்களில். உங்களால் முடியாத நாளில் அத்தையோ சித்தியோ மதிய நேரத்தில் எட்டிப் பார்க்கட்டும்.

அதே மூச்சில் இதையும் கேட்கிறேன். பதினோரு மணி நேரம் தனி ஆளாக ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா? வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது செய்து காட்டினீர்களா? கையில் இரும்புச் சாவி கொடுப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ 108. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. குளியலுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர், பிறகு முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். சுடுகிறது என்று சொல்லத் தெரியாதவரின் தோல் வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம், ஆனால் திரை வேண்டும். 31 வயது ஆண் அவர். எல்லாரும் ‘குழந்தை’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருக்கும் வெட்கம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

சாப்பாட்டில் அவசரம் கூடவே கூடாது. இளைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். விழுங்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பிறகு குரல் கரகரக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அடிக்கடி சளிக்காய்ச்சல் வருவதற்கும் அதுவே காரணமாகும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு கவளமாக, முந்தையதை விழுங்கிய பிறகே அடுத்தது. பரோட்டா, அவித்த முட்டை, உலர்ந்த இட்லி போன்றவை தொண்டையை அடைக்கும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குப் படுக்கவைக்க வேண்டாம்.

இவற்றை எல்லாம் அந்த அண்ணனோடு உட்கார்ந்து பேசுங்கள். கூடவே ஒரு நோட்டுப் போடுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட அளவு, வலிப்பு, மலம் கழித்த நாள், அன்று எங்கே போனார்கள், விழுந்தாரா என்று ஒரு நாளுக்கு ஆறு வரி போதும். எழுத வராவிட்டால் குறிகள் போடலாம். எட்டு மாதத்தில் அவர் செய்தது தெரியாமையால் என்றால் கற்றுக்கொள்வார். பல பேர் கற்றுக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். ‘இன்று என் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டார்’ என்று தானாகச் சொல்கிறவரை நம்பலாம். நீங்கள் கண்டுபிடித்த பிறகு சொல்கிறவரை, அல்லது நோட்டைக் கண்டு கோபப்படுகிறவரை அன்றே நிறுத்துங்கள். ஆள் கிடைக்காது என்பது அவரை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. இரண்டு வாரம் விடுப்பு எடுப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். அதையும் செய்யுங்கள்.

அடித்தார், பட்டினி போட்டார் என்று தெரிந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 92-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. அவமதிக்கும் நோக்கத்தோடு தாக்குவதற்கும், பொறுப்பில் உள்ளவர் தெரிந்தே உணவும் நீரும் தர மறுப்பதற்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வட்டாட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களிடமும் முறையிடலாம்.

இன்னொன்றும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 18 வயதைத் தாண்டியவருக்கு அக்கா என்பதாலேயே நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கியிலும் சொத்து விஷயத்திலும் இது நாளை வந்து நிற்கும். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்குங்கள். ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். அதே பயணத்தில் தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா, அம்மாவின் பெயரிலேயே நின்றுவிட்டதா என்று கேளுங்கள். ‘நிராமயா’ காப்பீட்டுக்கும் விண்ணப்பம் கொடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

விடுதி பற்றி. நல்ல விடுதிகள் இருக்கின்றன, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றைய பயத்தில் முடிவு எடுக்காதீர்கள். அம்மா போய் ஒரு வருடத்துக்குள் வீடும் போனால் அவரால் தாங்க முடியாது. பிறகு எப்போதாவது பார்க்கப் போனால், மேலே சொன்ன 2016 சட்டத்தின்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். வரவேற்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கழிவறையையும் இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்பதையும் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வரலாமா என்று கேட்டதற்கு அவர்கள் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. மண் சரிந்து மேட்டுப்பாளையம் பாதை அடைபடும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வலிப்பு மாத்திரை எப்போதும் பதினைந்து நாளுக்குக் குறையாமல் வீட்டில் இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் வரும் நேரத்துக்குக் கால் மணி முன்னால், தம்பிக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டி நீங்களே வாசலுக்கு அழைத்துப் போங்கள். அவர் கை காட்டாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், நீங்கள் காட்டுங்கள். ஓட்டுநர் தெரிந்தவர் என்றால், ஹாரன் அடிக்கச் சொல்லி முன்பே சொல்லிவையுங்கள். அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் எனக்கு அனுப்புங்கள். பராமரிப்பாளரைப் பற்றிய முடிவை அப்போது சேர்ந்து பேசுவோம். அதற்குள் தம்பியின் உடம்பில் புதிதாக ஒரு கன்றல் கண்டாலும் எனக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், மறுநாள் நீங்கள் வேலைக்குப் போகாதீர்கள்.